கம்ப்யூட்டர் ஏன் நின்றுபோனது என்றால், அம்மா

சாவியை எடுக்காமலேயே எழுந்து போன என் அன்பு அம்மாவுக்கு,

நீ இருந்த வரை நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாளும் ஆட்டத்தின் நடுவில் நின்றதில்லை. நீ போன பிறகு நிற்க ஆரம்பித்தது. ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் தமிழ் டீச்சர். மற்றவர்கள் கலெக்டருக்கும் குடியரசுத் தலைவருக்கும் எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். பலரும் படிக்கப் போவதால் அத்தை சொன்ன சில வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். அவை எவை என்று உனக்குத் தெரியும்.

படிப்பவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மஸ்கட்டில் வேலை செய்யும் உன் தம்பி, என் மாமா, லீவில் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். கறுப்பாக, ஒரு கணக்கு நோட்டு அளவில் இருந்தது. மேலே ரப்பர் பொத்தான்கள். டி.வி.யில் செருகினால் டி.வி.தான் அதற்குத் திரை. ஆட்டம் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டால் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சு வரும். அது ஓடி முடிந்தால்தான் ஆட்டம் ஏறும். முதல் நாள் பக்கத்து வீட்டிலிருந்து, "இன்னா, பூனைய மிதிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"பாப்பா படிக்கட்டும்னு வாங்கியாந்தேன்க்கா," என்றார் மாமா. நீ முதல் வாரம் முழுக்க அதைச் சொல்லியே என்னைத் திட்டினாய். "படிக்கத்தான வாங்கியாந்தான்? அதுல எங்கடி படிப்பு இருக்குது?" இரண்டாவது வாரம், சோறு போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அத இப்படிக் குடு," என்றாய்.

ஆட்டம் ஒரு கோட்டை. அதில் ஒரு குட்டி ஆள். ஏணி ஏறுவான், உருண்டு வரும் கல்லைத் தாண்டுவான், வௌவாலுக்குக் குனிவான். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாவி தொங்கும். அதை எடுத்தால் கதவு திறக்கும், அடுத்த அறை. நம் வீட்டு வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிறது. நீ ஒருமுறைகூட அதன் உச்சிக்குப் போனதில்லை. "அதுல ஏறுனா மூச்சு வாங்கும். இதுல வெரலுதான் வலிக்குது," என்றாய். தெருக்குழாயில் தண்ணீர் வரும் வரை உன் நேரம். குடம் வைக்கும் சத்தம் கேட்டால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாய். உனக்கு ஆங்கில எழுத்து தெரியாது. "மூலைப் பொத்தான் நடக்கறது, பெரிய பொத்தான் குதிக்கறது," என்று இடம் பார்த்து வைத்திருந்தாய். குதிக்கிற பொத்தானில் உன் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

நான் விளையாடும்போது பின்னால் நின்று, "சீக்கிரம் செத்துட்டுக் குடுடி," என்பாய்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில் உன் கண் மஞ்சளாக இருந்தது. நைனா வாடகைக் காருக்குச் சொல்லப் போயிருந்தார். அந்த நேரத்தில் நீ உட்கார்ந்து ஆடினாய். நான் அதுவரை பார்த்திராத ஓர் அறைக்குப் போய்விட்டாய். சாவி ஒரு பள்ளத்துக்கு மேலே தொங்கியது. குதித்தாய். ஆள் விழுந்தான். வாசலில் கார் சத்தம் கேட்டது.

"வந்து தொறக்கறேன். ஆஃப் பண்ணு," என்றாய்.

ஆஃப் செய்தால் அதற்கு எல்லாமே மறந்துபோகும் என்று உனக்குத் தெரியும். மறுபடி முதல் அறையிலிருந்துதான் வர வேண்டும். இருந்தும் அப்படிச் சொன்னாய். நானும் ஆஃப் செய்தேன்.

இனி உனக்குத் தெரியாதவை.

கருமாதிக்கு உன் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். டி.வி.க்கு நேர் மேலே. தளவானூர் அத்தை நம்மோடு வந்து தங்கிவிட்டார். நைனாவுக்கு அக்கா என்பதால் வீட்டில் எல்லாரையும்விடப் பெரியவர். படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு போட வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் போடுகிறார்களே, அந்தக் குட்டிக் குட்டி பல்புச் சரம். வயர்மேன் ஏகாம்பரம் அண்ணன் வந்து, டி.வி.க்குப் பின்னால் இருக்கும் பிளக் போர்டிலிருந்து வயர் இழுத்துப் போட்டார். உன்னைச் சுற்றி அவை மினுக் மினுக்கென்று எரிந்தன.

"மொத வருச தெவசம் வரைக்கும் இது அணையக் கூடாது. வேண்டிக்கினு இருக்கேன்," என்றார் அத்தை. சுவிட்சின் மேல் யாரும் கை வைக்காதபடி பிளாஸ்திரி ஒட்டினார்.

உனக்குச் சீரியல் பல்பு பிடிக்காது. பொங்கலுக்குக்கூடப் போட விட்டதில்லை, கண் வலிக்கிறது என்பாய். அதை அன்று யாரும் நினைக்கவில்லை. எனக்கும் இப்போதுதான் நினைவு வருகிறது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போல ஆனதும் கம்ப்யூட்டரை எடுத்தேன். இரண்டாவது அறையில் ஏணியின் பாதியில் இருந்தபோது படம் ஒரு துடி துடித்தது. திரை வெளுத்தது. அடியில் கம்பெனிப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் வந்து நின்றது, அந்த நிமிடம்தான் பிறந்தது போல. மறுபடி கேசட்டைப் போட்டேன். இந்த முறை முதல் அறையிலேயே. அடுத்த நாள் கேசட் ஏறும்போதே.

அத்தை முறத்தோடு வந்து நின்று பார்த்தார்.

"தனம்தான்டி அது. தான் வெளையாடுன சாமான்ல இன்னொருத்தி கை வெச்சா அவளுக்குப் பொறுக்குமா?"

"எங்கம்மா அப்படி இல்ல அத்த."

"உயிரோட இருக்கறப்ப அப்படி இல்ல. இப்ப இன்னான்னு நமக்கு இன்னா தெரியும்?"

அன்று மாலை நைனா டியூட்டி முடிந்து வந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் நாள் முழுக்க பஸ் வந்ததையும் வராததையும் சொல்லிவிட்டு வருபவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. இப்போது அதுவும் குறைந்துவிட்டது. அத்தை அவரிடம், "தம்பி, தெவசத்துக்கு அவ தம்பி வருவான் இல்ல, அவன்கிட்டயே இத குடுத்து அனுப்பிடு. நின்னு நின்னு போற சாமான வூட்ல வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். "மாமா வர்றதுக்குள்ள சரியாச்சுன்னா இருக்கட்டும் கலா. இல்லன்னா குடுத்துடலாம்."

எனக்கு அது போகக் கூடாது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, நீ கோபித்துக்கொண்டு நிறுத்துகிறாய் என்று ஊரில் ஒருவர்கூடச் சொல்லக் கூடாது. அது உண்மையில்லை. உண்மையில்லை என்றால் வேறு ஏதோ உண்மை இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்தேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே செய்தேன்.

முதலில், சூடு. அதற்குக் கரண்ட் கொடுக்கும் கறுப்புப் பெட்டி, நைனா அதை அடாப்டர் என்பார், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதை அம்மிக் கல்லின் மேல் வைத்து ஆறவிட்டு ஓட்டினேன். ஆறியிருக்கும்போதும் நின்றது. ஆக, சூடு இல்லை.

அடுத்து, கேசட். ஆட்டக் கேசட்டைப் போடாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் படம் துடித்தது. வெறும் திரையே மறுபடி பிறந்தது. ஆக, ஆட்டத்தின் மேல் குற்றமில்லை.

அடுத்து, வோல்டேஜ். சாயங்காலம் கொல்லைகளில் பாசன மோட்டார் போட்டால் நம் தெருவில் பல்பெல்லாம் மங்கிப் பழமாக எரியும் இல்லையா, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மோட்டார் ஓடாத பகலிலும் நின்றது. உள் அறையிலிருந்து நீளமாக வயர் இழுத்தும் பார்த்தேன். அதே கதைதான்.

அடுத்து, குரங்கு. இது அத்தையின் யோசனை. கோட்டைக் குரங்குகள் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்து ஆட்டுகின்றன என்றார். நான் ஆன்டெனா வயரையே கழற்றி வைத்தேன். கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. அப்போதும் நின்றது.

"அப்ப தனம்தான்," என்றார் அத்தை. குரங்கு இல்லை என்றால் நீ. அத்தையின் கணக்கில் வேறு யாரும் இல்லை.

மாலையில் நான் ஆடும்போது நைனா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். முன்பெல்லாம் அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. திரை வெளுத்துப் போகும்போது நான் குனிந்து வயரைப் பார்ப்பேன். அவர் நிமிர்ந்து உன் படத்தைப் பார்ப்பார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. வயரிலேயே என் கவனம் இருந்தது.

திவசத்துக்குச் சில நாட்கள் இருந்தபோது உப்புத்தாளால் பிளக்கின் பித்தளை முள்ளைப் பளபளவென்று தேய்த்துச் செருகினேன். அன்று முழுவதும் ஒருமுறைகூட நிற்கவில்லை. நாலாவது அறை வரை போனேன். மறுநாளும் நிற்கவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொன்னேன். நைனாவிடம், "அழுக்குதான் நைனா. முள்ளுல அழுக்கு," என்றேன். அவர், "அப்படியா," என்றார். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு சின்னக் குரல் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

நான் முள்ளை மறுபடி தேய்த்தேன். நின்றது. அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்பதால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். உன் படத்தைச் சுற்றிப் பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மினுக், மினுக். பிறகு வயரின் நடுவில் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். பல்புகள் அணைந்து எரிந்தன. கீழே திரை வெளுத்தது.

ஒரே நேரத்தில்.

அப்போதுதான் ஒன்று நினைவு வந்தது. அந்த இரண்டு நாளும் உன் சீரியல் எரியவில்லை. சரத்தில் ஒரு பல்பு போனால் எல்லாமே போய்விடும் இல்லையா, அப்படிப் போயிருந்தது. அத்தை நைனாவை விரட்டி, கடைத்தெருவில் மாற்று பல்பு வாங்கி வரச் செய்து போட்டது இரண்டாம் நாள் இரவு. அந்த இரண்டு நாளில் நான் முள்ளையும் தேய்த்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று தெரிந்தும், நான் ஒன்றை மாற்றும்போது வீட்டில் இன்னொன்று மாறியதைப் பார்க்கவில்லை.

ஒருமுறை சேர்ந்து நடந்தால் போதாது. அத்தையின் டிரான்சிஸ்டரை எடுத்து வந்தேன். அதில் கொஞ்ச நாளாகக் கரகரவென்று வருகிறது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். உன் படத்துக்குக் கீழே வைத்துத் திருப்பினேன். பல்பு ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் ரேடியோ 'கர்' என்றது. பெரிதாக 'டிக்' வந்தபோது பெரிதாகக் 'கர்'. நூலகத்தில் மின்சாரம் பற்றிய புத்தகத்தில், தீப்பொறி பறந்தால் அதன் அதிர்வு வயரிலும் காற்றிலும் போகும், வானொலி அதைப் பிடிக்கும் என்று போட்டிருந்தது. வானொலி பிடிக்கிறது. கம்ப்யூட்டர் பயந்துவிடுகிறது.

ஏகாம்பரம் அண்ணனைக் கூட்டி வந்தேன். வயரில் டேப் சுற்றிய ஒரு தடிப்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"ட்யூப் லைட் ஸ்டார்ட்டரு பாப்பா. சீரியல் தானா மினுக்காது. வயர் நடுவுல இத ஒண்ணு சொருகுனா, சூடாவும், விடும், சூடாவும், விடும். மினுக்கும். எல்லாரும் இப்படித்தான் போடுவோம்."

"அது விடும்போது பொறி பறக்குதாண்ணா?"

"உள்ள பறக்கும். வெளிய தெரியாது."

"அதனாலதான் கம்ப்யூட்டர் நிக்குது."

அவர் சிரித்தார். "மாரியம்மன் கோயில்ல நான் போட்ட சீரியல்ல ஒரு சாமியாச்சும் ஆஃப் ஆச்சா?"

ரேடியோவை வைத்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை காதைச் சுவரோடு வைத்துக் கேட்டார். "அட, ஆமா," என்றார். "சரி, ஸ்டார்ட்டர எடுத்துட்டு வயர நேரா முறுக்கி விட்டுட்டா மினுக்காம எரியும். ரெண்டு நிமிச வேல. சுவிட்ச அணை."

அத்தை சமையல் அறையிலிருந்து பறந்து வந்தார். "சுவிட்ச்ல கை வெச்ச, கை இருக்காது!"

"அத்த, கரண்ட் இருக்கறப்ப வயர்ல கை வெச்சா அவருக்குக் கை இருக்காது."

"தெவசம் வரைக்கும் அணையக் கூடாது."

"தெவசம் முடிஞ்சதும் மாமா எடுத்துக்கினு போயிடுவாரே! தெனமும் மத்தியானம் கரண்ட் போகுது. அப்ப அணையுதே. அது பாவம் இல்லியா?"

அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கவர்மெண்ட்டு அணைச்சா கவர்மெண்ட்டுக்குப் பாவம். நாம அணைச்சா நமக்கு."

இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு ஒரு வழி தெரிந்தது. "அப்ப கவர்மெண்ட்டே அணைக்கட்டும். கரண்ட் போனதும் மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். அத்தை ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அது அவன் இஷ்டம்," என்றார். அவன் என்றது கடவுளையா மின்சார வாரியத்தையா, தெரியவில்லை.

மறுநாள், திவசத்துக்கு முந்தின நாள், ஏகாம்பரம் அண்ணன் பையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தினமும் சாப்பாட்டு வேளை தாண்டியதும் போகிற கரண்ட் அன்று போகவில்லை. டீ குடித்தார். போகவில்லை. இன்னொரு டீ. ஃபேன் காற்று ஜோராக வந்தது.

"நானே மெயின்ல ஃபீஸ் கட்டைய புடுங்கிடட்டா?" என்றார்.

"ஒழுங்கா உக்காருடா," என்றார் அத்தை.

"வேணாம்றப்ப போவுது. வேணும்றப்ப போவ மாட்டேங்குது. இந்த ஊரு கரண்ட்டுக்கும் என் பொஞ்சாதிக்கும் ஒரே கொணம்."

காலை டியூட்டி முடிந்து நைனா வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன்: ஸ்டார்ட்டர், பொறி, ரேடியோ. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். சொல்லி முடிக்கும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. உன் படத்தைச் சுற்றி இருந்த பல்புகள் அணைந்தன. நம் தெருவில் கரண்ட் போனதற்குக் கைதட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏகாம்பரம் அண்ணன் ஸ்டூலில் ஏறிக் கட்டிங் பிளையரை எடுத்தார்.

"ஏகாம்பரம்," என்றார் நைனா. "ரெண்டு நாளு இருக்கட்டுமே."

"ஏன் நைனா? நாளைக்கு மாமா வந்துடுவாரு."

"ஒண்ணுமில்ல. தெவசம் முடியட்டும்னு பார்த்தேன்."

"முடிஞ்சா அவர்கிட்ட குடுத்துடணும்னு நீங்கதான சொன்னீங்க?"

நைனா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அது நிக்கறப்பல்லாம் உங்கம்மா இங்கதான் இருக்குறா மாதிரி இருந்துச்சு. நாம பேசறத கேட்டுக்கினு இருக்குறா மாதிரி. டியூட்டில இருக்கறப்பகூட, வூட்டுக்குப் போனா இன்னிக்கு எப்ப நிக்கும்னு நெனச்சுக்குவேன்." சொல்லிவிட்டு அவரே, "பைத்தியக்காரத்தனம்," என்றார்.

முள்ளுல அழுக்குதான் என்று அன்று நான் சொன்னபோது அவர் ஏன் 'அப்படியா' என்று மட்டும் சொன்னார் என்று அப்போது புரிந்தது. நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் அது சரியாக இருந்ததால், நைனா எதற்காகத் தினமும் வீட்டுக்கு வரக் காத்திருந்தாரோ அது இல்லாமல் போகிறது. இதற்கு அறிவியல் புத்தகத்தில் எதுவும் இல்லை.

அத்தைதான் பேசினார். நான் எதிர்பார்க்கவில்லை.

"டேய் தம்பி, நான் ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்டா. புள்ளைய வெளையாட வுடாம பண்றதுக்குச் சொன்னேன். நீ அத புடிச்சுக்கினா ஒக்காந்திருக்க?" குரல் உடைந்து, உடனே திட்டாக மாறியது. விட்டுவிட்டேன் என்று சொன்னேனே, அந்த வார்த்தைகள் இங்கேதான் வருகின்றன. கடைசியில் ஏகாம்பரம் அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னா பார்த்துக்கினு நிக்கற? வெட்டு," என்றார்.

அண்ணன் நைனாவைப் பார்த்தார். நைனா தலையை ஆட்டினார். ஸ்டார்ட்டர் கீழே வந்தது. சின்ன அலுமினிய டப்பா, விக்ஸ் டப்பாவைவிடச் சிறியது. நைனா அதை வாங்கிக் கையில் வைத்திருந்தார். பிறகு ஜன்னல் மேல் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரும் எடுத்துப் போடவில்லை.

கரண்ட் வந்தபோது பல்புகள் மினுக்காமல் எரிந்தன. இத்தனை மாதமாக உன் முகம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது அப்படியே இருக்கிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுகூட அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. ரேடியோவைப் போட்டார் அத்தை. கரகரப்பு இல்லை. "அட," என்று மட்டும் சொன்னார்.

கேசட்டைப் போட்டேன். கீச்சு ஓடி முடிந்தது. குட்டி ஆள் வந்தான். அன்று விளக்கு வைக்கும் வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. நைனா நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் இரண்டு மூன்று முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் மாமா வந்தார். திவசம் நல்லபடியாக நடந்தது. நீ விரும்புகிற மாதிரி வடையை முறுகலாகச் சுட்டார் அத்தை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மாமா கூடத்தைப் பார்த்து, "கம்ப்யூட்டர் ரிப்பேர்னு உங்கக்கா எழுதியிருந்தாங்களே. எடுத்துக்கினு போய் அங்க காட்டட்டுமா மாமா?" என்று நைனாவைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"கலா, இதுல குதிக்கறது எது?"

"பெரிய பொத்தான் நைனா. மஞ்சளா இருக்குதே, அது."

அவர் விரலை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தாமலேயே இருந்தார். பிறகு அழுத்தினார். ஆள் நேராகக் குதித்துக் கல்லின் மேலேயே விழுந்து செத்தான். மறுபடி குதித்தார். மறுபடி செத்தான். மூன்றாவது முறை ஏணி வரைக்கும் போய், வௌவால் அடித்துச் செத்தான். மாமா சிரித்தார். அத்தை சமையல் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "பஸ்ஸ நேரம் பார்த்து விடற கைக்கு ஒரு ஆள விடத் தெரியலியே," என்றார்.

"இரு மச்சான்," என்றார் நைனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் ஒரு ஏணிகூட முழுசா ஏறல. அதுக்குள்ள எடுத்துக்கினு போறேன்றியே."

மாமா திரும்பிப் போய்விட்டார். கம்ப்யூட்டர் இங்கேதான் இருக்கிறது. நைனா மிக மோசமாக ஆடுகிறார், அம்மா. பஸ் நேரத்தையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவருக்குக் கல் எப்போது உருண்டு வரும் என்று மட்டும் தெரிவதில்லை. ஆனால் தினமும் டியூட்டி முடிந்ததும் நேராக வந்துவிடுகிறார். பின்னால் நின்று பார்க்கும்போது, "சீக்கிரம் செத்துட்டுக் குடுங்க நைனா," என்று ஒருநாள் என் வாயில் வந்துவிட்டது. அவர் பொத்தானை விட்டுவிட்டார். அப்புறம் சிரித்தார். நீ போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

போன வாரம் நான் அந்த அறைக்குப் போய்விட்டேன். பள்ளத்துக்கு மேலே சாவி தொங்குகிறதே, அதுதான். நீ ஏன் விழுந்தாய் என்று பார்த்தேன். ஓரத்திலிருந்து குதித்தாய். இரண்டு அடி பின்னால் போய் ஓடிவந்து குதிக்க வேண்டும். குதித்தேன். சாவி கிடைத்தது. கதவு பச்சையாக மாறியது. உள்ளே போகலாம் என்று அர்த்தம்.

நான் உள்ளே போகவில்லை. தெருக்குழாயில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. ஆஃப் செய்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

நைனா இப்போது மூன்றாவது அறையில் இருக்கிறார். அவர் அந்தக் கதவு வரை வரும் நாள் வரைக்கும் நான் அதைத் திறக்க மாட்டேன். எத்தனை தடவை அங்கே போனாலும் சரி, சாவியோடு நின்று ஆஃப் செய்துவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் நானும் சேர்ந்து பார்த்துவிட்டு உனக்குச் சொல்கிறேன். இது என் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மஞ்சள் கறையின் மேல் தன் விரலை வைத்து ஆடும் உன் ஒரே மகள்,
கலைச்செல்வி